அன்று இடி இடிக்கவில்லை

"களி வேண்டாம். டீ மட்டும் வையி."

அர்த்தனாரி வட்டிலைத் தள்ளினார். மனைவி சென்னம்மாள் கிளறிய களியை அவர் தொட்டு மூன்று மாதம் ஆகிறது.

"நேத்து பஸ்ஸுல காளியண்ணன் கேக்கறான், புள்ள டீச்சருக்குப் படிக்கப் போயிட்டாளான்னு! எம்பொண்டாட்டி இடிக்குப் பயந்து நெட்டு வர்ற போன் வயரைப் புடுங்கிட்டா, விண்ணப்பம் போகலீன்னு சொல்லட்டுமா?"

சென்னம்மாள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். மலையில் இடி இடித்தால் எல்லா வீட்டிலும் வயரைப் பிடுங்குவார்கள். அதைத்தான் அவள் அன்று சொல்லியிருந்தாள்.

நடந்தது வேறு. பார்வையில்லாத மகள் கலைச்செல்விக்கு, திரையிலுள்ள எழுத்தை அந்தப் பழைய கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்லும். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பட்டன்களுக்குப் பெயரே வைக்கவில்லை, வெறும் படங்கள். "கிராபிக்... கிராபிக்..." என்றது குரல்.

"அம்மா, என்ன தெரியுது?"

"பச்சையா ஒண்ணு, செவப்பா ஒண்ணு சாமி... எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதே!"

பச்சையை அமுக்கினார்கள். இரண்டு மணி நேரம் தட்டியதெல்லாம் அழிந்துபோனது. கடைசி நாள், கடைசி நேரம்.

'கண்ணு தெரியாதவளுக்கு இதால ஆகலீன்னா கம்ப்யூட்டர் பொட்டியை வித்துப்போடுவேன்' என்று அர்த்தனாரி முன்பே சொல்லியிருந்தார். அன்று மலையிறங்கி முள்ளுக்குறிச்சிக்கு மிளகு கொண்டுபோய்த் திரும்பியவரின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும், சென்னம்மாள் எழுந்துபோய் வயரைப் பிடுங்கினாள்.

"அப்பா..."

சுவரைத் தடவியபடி கலைச்செல்வி வந்து நின்றாள்.

"அன்னிக்கு இடி இடிக்கலீங்க."

"என்ன கண்ணு சொல்றே?"

"இடிச்சா எனக்குக் கேக்காமப் போவுங்களா? அந்தப் பக்கத்தை எம்மெசினு படிக்கலீங்க. பொட்டியை வித்துப்போடுவீங்கன்னுதான் அம்மா பழியை ஏத்துக்கிட்டாங்க. நானும்... பயந்துக்கிட்டு, அம்மா திட்டு வாங்கறதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேனுங்க அப்பா!"

டீயில் ஆடை படிந்தது. அர்த்தனாரி நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"ஏம்புள்ள... மூணு மாசமா நான் பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தே?"

"அதை உடுங்க. ஏனுங்க... பொட்டியை விக்க மாட்டீங்கல்ல?"

அவர் தள்ளிவைத்த வட்டிலை இழுத்து, ஆறிப்போன களியைப் பிட்டு வாயில் வைத்தார். கண்ணில் நீர் வழிந்தது.

"விக்கலே. அடுத்த வருசம் இங்கிலீசு படிக்கத் தெரிஞ்சவங்களை நானே கூட்டியாந்து உம் பக்கத்துல உக்கார வெக்கறேன் சாமி."

கலைச்செல்வி கைகளை நீட்டித் துழாவினாள். சென்னம்மாள் அந்தக் கைகளுக்குள் போய்ச் சேர்ந்தாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

"ஒரு வருசம் போயிருச்சே கண்ணு... ஒரு வருசம்..."