வேலியின் முகம்

மழை விட்ட இடைவெளியில் துணி உலர்த்தத் தோட்டத்துக்கு வந்த மஞ்சுளா, வேலியைப் பார்த்து நின்றுவிட்டாள். கோடியில் ஒரு பலகைத் தட்டி மட்டும் திரும்பியிருந்தது.

வேலிக்கு முகமும் உண்டு, முதுகும் உண்டு. வழவழப்பான முகம் வெளியே, குறுக்குச்சட்டம் அடித்த முதுகு உள்ளே. அப்போதுதான் வெளியிலிருந்து எவனும் கால் வைத்து ஏற முடியாது. காளிகாட்டிலிருந்து வந்து வேலியடித்த தச்சன் கலியன் இதைப் பெரிய பாடமாகவே நடத்திவிட்டுப் போயிருந்தான். இப்போது அந்த ஒரு தட்டியின் முகம் வீட்டைப் பார்த்தது. ஏறத் தோதான சட்டங்கள் குளத்துப் பக்கம் போயிருந்தன.

"பாடம் நடத்தினவனுக்கே மறந்துபோச்சு போல" என்று சிரித்துக்கொண்டே அவனுக்குப் போன் போட்டாள்.

டாக்குரியாவில் இந்தப் பழைய வீட்டை அவர்கள் வாங்கியதே தோட்டத்துக்காகத்தான். கிடர்பூரில் கப்பல் கம்பெனி ஆபீசில் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிய அவள் கணவர் ஜெய்ராமுக்குப் போன வருஷம் வாதம் அடித்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. சக்கர நாற்காலி தடங்கலில்லாமல் உருண்டு போய் அவர் காற்று வாங்கட்டும் என்று கொல்லைக் கதவிலிருந்து மரத்தளம் போட்டாள். புல் பதித்தாள். அதற்கப்பால் ஆகாயத்தாமரை மூடிய குளம். அது அவ்வப்போது ஆளை எடுத்துக்கொள்ளும் என்று அடுத்த வீட்டு வங்காளி அம்மாள், மாஷிமா, சொன்னதால்தான் வேலியே கட்டினாள்.

வேலிக்கு முதல் கால் நட்ட அன்று மஞ்சுளாவுக்கு ஒரு ஆசை வந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஒரு கல்யாணப் பந்தக்கால் நட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. இந்தக் காலுக்காவது மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பால் விட்டு, "எல்லாரும் வந்து ஆசீர்வாதம் பண்ணணும்" என்று குளத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். தன் வீட்டு மாடியில் நின்றிருந்த மாஷிமா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

கலியன் வந்து தட்டியைத் திருப்பி அடித்துவிட்டுப் போனான். மறுநாள் அதோடு பக்கத்துத் தட்டியும் திரும்பியிருந்தது. மறுபடி வந்தவன் மரத்தைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"ஆணி பிடுங்கின தடமே இல்லம்மா. புதுசா இப்படியேதான் அடிச்ச மாதிரி இருக்கு."

"அப்படின்னா?"

அவன் குரல் இறங்கியது. "அன்னைக்கு நானும் யோசிக்காம விட்டுட்டேன். பந்தக்கால் வாசல்ல நடுறது, நாலு பேரைக் கூப்பிட. நாம, குளத்துலேர்ந்து எதுவும் வரக்கூடாதுன்னு கட்டுற வேலியில நட்டு, எல்லாரையும் கூப்பிட்டுட்டோம்."

"அதைப் பிடுங்கிடு கலியா."

கடப்பாரை வளைந்தது. கால் அசையவில்லை. அவன் சாமான்களை வாரிக்கொண்டான். "ஐயாவைக் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் போயிடுங்கம்மா." அதற்கப்புறம் அவன் போனை எடுக்கவே இல்லை.

எங்கே போவது? மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். டாக்சிக்காரர்கள் கையை விரித்தார்கள். ஜெய்ராமைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், மழையில் ஆயா வரவில்லை. மஞ்சுளா நாற்காலியைக் கூடத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, கொல்லைக் கதவைத் தாழிட்டு, அதன் குறுக்கே சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டாள். அவர் கண் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

விளக்கு வைக்கும் நேரம். அவருக்குக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பின் சூட்டையும் மிளகு வாசனையையும் மீறி எங்கிருந்தோ அழுகின ஆகாயத்தாமரைத் தண்டின் நாற்றம் வந்தது. சுற்று வீடுகளில் ஊதிக்கொண்டிருந்த சங்கெல்லாம் ஒரே சமயத்தில் நின்றது. ரயில் சத்தம்கூட இல்லை. அந்த மௌனத்தில், மரப்பலகை மேல் ரப்பர் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

ஓடினாள்.

மேஜை சுவரோரமாக இருந்தது. கதவு திறந்திருந்தது. மழையில், மரத்தளத்தின் நடுவில், நாற்காலியில் ஜெய்ராம்.

வேலி முழுக்கத் திரும்பியிருந்தது. எல்லாத் தட்டியும்.

வேலிக்குப் பின்னால் தண்ணீர் சலசலத்தது. சட்டத்தில் ஒரு கால் பதிந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் பல.

ஜெய்ராமின் செத்துப்போன வலது கை எழுந்தது. இடது கையோடு சேர்ந்து கும்பிட்டது.

"வாங்கோ" என்றார்.

இந்தக் குரலுக்காக எத்தனை சாமியிடம் மன்றாடியிருப்பாள்!

"வாங்கோ, வாங்கோ. எல்லாரும் வாங்கோ."

கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். நாற்காலி முன்னால் போனது. உடம்பின் பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். இன்னும் முன்னால் போனது. விரல்கள் சில்லிட்டன. குனிந்து பார்த்தாள்.

அவள் கைகளின்மேல் வேறு இரண்டு கைகள். ஊறி வெளுத்தவை. நகக்கண்ணில் சேறு. தள்ளிக்கொண்டிருந்தன.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. கத்த வாயைத் திறந்தாள்.

"வாங்கோ" என்றுதான் வந்தது.

வேலிக்கு மேல் தலைகள் வரிசையாக எழுந்தன. ஈரப் புடவைகள், ஈர வேட்டிகள். ஒருவர் பின் ஒருவராக, அவசரமே இல்லாமல் இந்தப் பக்கம் இறங்கினார்கள். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல மஞ்சுளாவையும் ஜெய்ராமையும் பார்த்துச் சிரித்தபடியே நடந்து வந்தார்கள். மரத்தளம் நிறைந்தது. வேலியில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.