நடுமரம்

ஐந்து மரங்களில் நான்கு, மலைக்குளிரில் கிடக்கிற எந்தக் கட்டையையும்போலச் சில்லென்றுதான் இருந்தன. நடுவில் கிடந்த நீளமானது மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. கொட்டகைத் தகரத்தில் ஓட்டை ஏதும் இருந்து அந்த இடத்தில் மட்டும் வெயில் விழுகிறதோ என்று ஜெய்லானி அண்ணாந்து பார்த்தார். வெயிலே இல்லை. இரண்டு நாளாகச் செம்மேடு ஊரை மூடிக் கிடந்த பனிமூட்டம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. செதுக்கிய மரத்தின் கசப்பு வாசனைக்கு அடியில், காய்ச்சல்காரன் போர்வையை விலக்கினால் வருமே, அந்த வாடை லேசாக அடித்தது. மூன்று மாதமாய்க் காய்கிற மரம். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் மரக்கடை வைத்திருக்கும் அவருக்கு, தொண்ணூற்றொன்பதில் வந்த அந்த ஆர்டரைப்போல ஒன்று அதுவரை வந்ததில்லை. பிரான்சில் பிரிட்டனி என்கிற கடற்கரைப் பக்கம், தலைமுறை தலைமுறையாகப் படகு கட்டியே பிழைக்கிற ஓர் ஊராம். அங்கே இரட்டைப் படகு கட்டி விற்கும் ஒருவருக்கு, தான் கட்டுவதற்கு உலகம் வைத்திருக்கும் கேட்டமரான் என்கிற பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அசல் கட்டுமரம் ஒன்றைத் தன் ஊர்க் கடலில் இறக்கிப் பார்க்க ஆசைப்பட்டு, மலைவேம்பு வேண்டும் என்று எழுதினார். புதுச்சேரியிலிருந்து ஒரு படகு மேஸ்திரியையும் அனுப்பிவைத்தார். செதுக்கிக் கனத்தைக் குறைக்காமல் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்க எந்த லாரிக்காரரும் ஒத்துக்கொள்ளாததால், வேலை மலைமேலேயே நடந்தது.

நடுமரத்துக்கு எடுத்த மரம், மலைக்காரர் செல்லமுத்துவின் பட்டா நிலத்தில் நின்றது. விலை பேசி முடித்ததும், வெட்டுவதற்கு முந்தின சாயங்காலம் அவர் தன் கோடாரியை அடிமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். அங்கே அதுதான் வழக்கம். விடிந்து பார்க்கையில் கோடாரி சாய்த்தபடியே நின்றால் மரம் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். கீழே கிடந்தால் அந்த மரத்தை அப்புறம் யாரும் தொடக்கூடாது.

ஜெய்லானி விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு எல்லோருக்கும் முன்னால் அங்கே போனார். கோடாரி கீழே கிடந்தது. காற்று தள்ளியிருக்கும், காட்டுப்பன்றி உரசியிருக்கும், இதற்குப் போய் இத்தனை நல்ல மரத்தை விடுவதா? எடுத்துச் சாய்த்து வைத்தார். செல்லமுத்து வந்தார், கோடாரியைப் பார்த்தார், மரத்தைக் கும்பிட்டு வெட்டினார். மரம் சாய்கிற நேரத்தில் அடி பிளந்து எகிறி அவர் இடுப்பில் அடித்தது.

ஈர மண்ணில் கோடாரி விழுந்து கிடந்த தடம் அச்சாகத் தெரிந்ததை ஊர் பார்த்துவிட்டது. பணத்துக்கு ஆசைப்பட்டுச் செல்லமுத்துவே நிமிர்த்தி வைத்துவிட்டார் என்று கூட்டத்தில் முடிவானது. அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. நான் தொடவே இல்லை என்று படுத்த படுக்கையாக அவர் சொன்னதைப் பெண்டாட்டி பொன்னாயிகூட நம்பவில்லை. அந்தக் கூட்டத்தில் ஜெய்லானியும் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை. நினைக்கும்போதெல்லாம் வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

இன்று சொல்லிவிடுவது என்று கொட்டகையிலிருந்து கிளம்பினார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில்தான் செல்லமுத்துவின் வீடு. பொன்னாயி அவரைக் கண்டதும் சுவரோரம் ஒதுங்கி நின்று, தன் வீட்டுக்காரரால் பாய்க்கு வேலை தாமதப்பட்டுப் போனதற்கு மன்னிப்புக் கேட்டாள். அதைக் கேட்டபின் எந்த வாயால் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

செல்லமுத்துவுக்குப் பேச்சு நின்று பத்து நாளாகியிருந்தது. கண் மட்டும் அசைந்தது. ஜெய்லானி அவர் கையைப் பிடித்தார். சில்லென்று, மடங்காத விரல்கள். தோல் நீளவாக்கில் வரிவரியாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் ரத்தம் இல்லை. காய்ந்த நார்போல ஏதோ வெளிறித் தெரிந்தது.

"மொதல்ல காலுதானுங்க பாய் இப்படி ஆச்சு," என்றாள் பொன்னாயி. "இப்ப நெஞ்சு வரைக்கும் ஏறிருச்சு. நேத்துப் பொரட்டிப் போட்டனுங்க, கட்டல்ல டொக்குனு சத்தம் கேக்குது. ஆளுக்குக் கனமே இல்லீங்க."

கீழே ஆஸ்பத்திரியில் நரம்பு செத்துவிட்டது என்று மட்டும் சொன்னார்களாம். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நிமுத்தி வெச்சவங்க வாய்விட்டு ஒத்துக்கிட்டா மரம் உட்டுருமுங்க. இவரு பேச்சு இருந்த வரைக்கும் ஒத்துக்கவே இல்லீங்களே."

செல்லமுத்துவின் கண்கள் ஜெய்லானியின் முகத்தில் நின்றன. யார் நிமிர்த்தியது என்று அவருக்குத் தெரியும். எப்போதிருந்து தெரியுமோ, தெரியும். ஜெய்லானி எழுந்தார். நாளைக்கு நல்ல டாக்டரைக் கூட்டிவருகிறேன் என்றார். வாங்கிவந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பொன்னாயியிடம் நீட்டினார். அப்போது தன் கை நடுங்காததுதான் அவருக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

கொட்டகைக்குத் திரும்பியபோது மேஸ்திரி உளியும் சுத்தியலுமாக நடுமரத்தின் அருகே குந்தியிருந்தார். கயிறு கோக்க இந்த ஒரு மரத்தில் துளை போட்டுவிட்டால் வேலை முடிந்ததாம், நாளைக்கு லாரியில் ஏற்றிவிடலாமாம். மூட்டத்தில் அவர் முகமே சரியாகத் தெரியவில்லை. அந்த வாடை இப்போது கொட்டகை முழுக்க நிறைந்திருந்தது.

நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் ஊருக்குத் தெரியும். மலைக்குத் தெரியும். கீழே கடைவீதிக்கு, பள்ளிவாசலுக்கு, வீட்டில் மனைவி சலீமாவுக்கு. படுத்த படுக்கையாக ஒரு மனுஷன் கிடக்க, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன் என்று.

மேஸ்திரி உளியை வைத்தார். மரம் நகர்ந்தது.

தரை சமமாக இல்லை போலிருக்கிறது என்று முணுமுணுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி நகர்ந்தது.

"ஆடுது பாய். கொஞ்சம் அமுக்கிப் புடிங்க."

ஜெய்லானி குனிந்தார். இரண்டு கையையும் வைத்தார். சூடு. வேர்வை ஈரம். உள்ளங்கைக்கு அடியில் மரம் மெதுவாக மேலே எழும்பியது. இறங்கியது. மறுபடி எழும்பியது.

மூச்சு.

இப்போதுகூடச் சொல்லலாம். ஒரே ஒரு வார்த்தை.

சுத்தியல் இறங்கியது.

பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து, பத்து நாளாய்ப் பேசாத செல்லமுத்துவின் அலறல் கேட்டது. மேஸ்திரி தலையைத் தூக்கி, யாருக்கோ என்னவோ என்றார். உளியைச் சுற்றி ஏதோ ஊறி வழிந்து அவர் விரலைத் தொட்டது. வெதுவெதுப்பாக. பிசுபிசுப்பாக. கைக்கு அடியில் மரம் துடித்தது, திமிறியது.

மேஸ்திரி மறுபடி சுத்தியலை ஓங்கினார்.

ஜெய்லானி கையை எடுக்கவில்லை. முழங்காலையும் மரத்தின்மேல் ஏற்றி, உடம்பின் கனம் முழுவதையும் போட்டு, ஆடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.