பழனிமுத்துவின் கார்டு

டர்பைன் இன்னும் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. அதற்குள் ஃபில்டரில் பஞ்சு அடைந்திருந்தது.

கிருத்திகா டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். நெருப்பெரிச்சல் என்ற ஊரில், பனியன் துணி நெய்யும் அப்பாவின் நிட்டிங் கம்பெனிக்குள் வளர்ந்தவளுக்குப் பஞ்சு புதிதில்லை. இந்த வட்டாரக் காற்றிலேயே அது பறக்கும்; சோற்றிலும் விழும், காதுக்குள்ளும் போகும். ஃபில்டரின் வெளிப்பக்கம் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் போயிருப்பாள். இது உள்பக்கம், சலித்த காற்று மட்டுமே வரவேண்டிய பக்கம். அதுவும் பரவலாகப் படியாமல், ஓர் ஆள் சாய்ந்து நின்ற உயரத்துக்கு மட்டும் அடர்ந்திருந்தது.

அரசாங்கத்தின் எரிவாயு மின்நிலையம் அது. கட்டி முடியும் தறுவாய். அன்று மூன்று மணிக்கு டர்பைனை முதன்முதலாகச் சுழற்றிப் பார்க்கப் போகிறார்கள். அது மூச்சிழுக்கும் வழி இது: முன்னால் ஃபில்டர் அறை, அதிலிருந்து லாரி நுழையும் அகலத்தில் ஓர் இரும்புக் குழாய், குழாயின் கடைசியில் டர்பைனின் வாய். உள்ளே யாரும் இல்லை என்று உதவிப் பொறியாளர் கிருத்திகா கையெழுத்துப் போட வேண்டும். அவள் போடவில்லை.

காரணம் ராமுத்தாய். ஒன்பது நாளாகக் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள்.

“எங்கூட்டுக்காரரு நல்லான் இந்தக் கேட்டுக்குள்ளதானுங்க போனாரு, அம்மிணி. குழாய்க்குள்ள கூட்டுற வேலைங்க. பழனிமுத்துங்கற ஆளோட கார்டத் தேய்ச்சுக் கேட்டுலயே குடுத்துட்டுத்தான் தெனமும் போவாரு. வெளிய வரவே இல்லீங்க.”

கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் மோகன்ராஜ் அதைக் கேட்டுச் சிரித்தான். “நல்லான்னு ரெஜிஸ்டர்லயே ஆளு இல்லீங்க மேடம். பொண்டாட்டிகிட்டச் சொல்லாம ஓடிப்போறவங்க எத்தன பேருங்க!”

கிருத்திகா குழாய் முழுவதையும் தேடாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று முந்தின நாளே எழுதிக் கொடுத்திருந்தாள். அன்று காலை கேட்டில் அவள் கார்டு வேலை செய்யவில்லை. யார் கைங்கரியம் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போகாமல் ராமுத்தாயோடு வெயிலில் நின்றாள். ஒரு மணிக்குச் செக்யூரிட்டி முருகவேல் மனமிரங்கி, டிராயரிலிருந்து வேறொரு கார்டை எடுத்து நீட்டினார். அங்கே எல்லோரும் செய்வதுதான்.

“இதுல போயிட்டு வாங்க. ரெண்டு மணிக்கு என் டூட்டி முடியுதுங்க, அப்பறமா டிராயர்ல போட்டுருங்க.”

பெயரைக்கூடப் பார்க்காமல் தேய்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

ஃபில்டர் அறையைப் பார்த்து முடிக்கவே மணி இரண்டரை தாண்டிவிட்டது. இப்போது குழாயின் கதவுக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுக் குழாய்க்குள் நடந்தாள். புதுப் பெயின்ட் வாசனை, அதற்கு அடியில் வேர்வையில் ஊறிக் காயாத பனியன் வாசனை, காலடியில் பஞ்சு மெத்தென்று அழுந்துவதால் தன் நடையின் சத்தமே தனக்குக் கேட்காத ஒரு விநோதம். சத்தத்தை அடக்க நிறுத்தியிருந்த தகடுகளுக்கிடையே ஒருக்களித்து நுழைந்தபோது பின்னங்கழுத்தில் காற்று பட்டது. அது அவளைக் கடந்து உள்ளே போனது. நின்றது. பிறகு வெதுவெதுப்பாகத் திரும்பி முகத்தில் வந்தது. மறுபடி உள்ளே போனது.

இன்னும் மின்இணைப்பே கொடுக்கப்படாத இயந்திரம் அது.

டக். டக். டக்.

தூரத்தில், டர்பைன் வாய்ப் பக்கமிருந்து.

“அண்ணா! நல்லான் அண்ணா!” குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினாள். “உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கறேன்!”

காற்று உள்ளே இழுத்தது, இதுவரை இல்லாத வேகத்தில். பின்னால் மரக்கட்டை உருளும் சத்தம். கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

ஓடிவந்து தள்ளினாள். அசையவில்லை. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. வெளியே சங்கு ஊதியது. சுழற்றுமுன் எல்லோரும் விலகுவதற்கான சங்கு. இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

“சார், இன்னும் ஒரு ஆளு உள்ள இருக்கறதாக் காட்டுதுங்க.” புதிதாக டூட்டிக்கு வந்த காவலாளி.

“யாரு?” மோகன்ராஜ்.

“பழனிமுத்துன்னு போட்டிருக்குதுங்க.”

“அந்தாளு வேலைய உட்டு வருசமாச்சு. போன வாரமும் இப்படித்தான் காட்டுச்சு. சிஸ்டத்துல அவுட் போட்டு உடு.”

“கிருத்திகா மேடம்?”

“அவங்க கார்டே தேய்க்கல, இன்னிக்கு வரல. பெரிய இன்ஜினியரே அவங்களுக்குப் பதிலாக் கையெழுத்துப் போட்டுட்டாரு.”

கிருத்திகா சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்தாள். பல கைகள் பட்டு முகம் அழிந்த ஒரு போட்டோ. கீழே, பழனிமுத்து.

இதே கார்டில்தான் நல்லான் உள்ளே வந்தான். இப்படித்தான் அவனையும் சிஸ்டத்தில் மட்டும் வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

பட்டனை அழுத்திக் கத்தினாள். “நான் உள்ள இருக்கறேன்!” வெளியிலிருந்து வருவது கேட்டாலும், இரும்புச் சுவர் தாண்டி இவள் குரல் போகவில்லை. பயத்தைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. என்னை அவுட் போட இவன் யார்? உயிரோடு நிற்கிறவளை ஒரு பட்டனால் இல்லையென்று ஆக்கிவிடுவானா? டார்ச்சின் பின்பக்கத்தால் கதவில் ஓங்கி அடித்தாள்.

டக். டக். டக்.

பக்கத்திலேயே, காதோரம்: டக். டக். டக்.

டார்ச்சைத் திருப்பினாள். வெள்ளையாக ஒரு கை. முழுக்கப் பஞ்சு. விரல் முட்டி தேய்ந்துபோய், கதவில் ஊன்றியிருந்தது. அதற்கப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால். சுவர் நெடுகிலும். அந்தக் கார்டில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள்?

தூரத்து இருட்டில் இரும்பு முனகியது. டர்பைனின் பிளேடுகள் மெல்லச் சுழல ஆரம்பித்தன. கைகளிலிருந்து பஞ்சு இழை இழையாகப் பிரிந்து அந்தப் பக்கம் பறந்தது. கைகள் நகரவில்லை.

வாக்கி டாக்கி கடமைக்குக் கேட்டது: “உள்ள யாராச்சும் இருக்கீங்களா?”

“இருக்கறோம்!” என்று கத்தினாள் கிருத்திகா. “அத்தன பேரும் இருக்கறோம்!”

ஓங்கினாள். சுவர் நெடுகிலும் கைகள் ஓங்கின. டார்ச் வெளிச்சத்தில், அவள் முஷ்டியின் மேலும் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருந்தது.