கருந்தெருவுக்கு வந்த குடை

கருந்தெருவின் மேல் காந்தக்குடை விரிந்ததும் ரோஸ்லின் அக்கா குலவை போட்டார். நிலவில் காற்று இல்லாவிட்டால் என்ன, தலைக்கவசத்து வானொலி அத்தனை பேர் காதையும் பிளந்தது.

"அக்கா, போதும்! செவிடாக்கிடாத!" என்று அஞ்சுகம் கத்தினாள். ஆனால் அவளும் ஆடிக்கொண்டுதான் இருந்தாள். குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள், இந்தக் குடைக்காக மேலாளர் வரதராசனோடு வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றவள்.

நிலவின் வெண்சுழி என்ற வெளிறிய திட்டில் பாறைக்கே காந்தம் உண்டு. சூரியனிலிருந்து வீசும் மின்துகள் காற்றை அது தள்ளிவிடும். அந்தப் பாதுகாப்பில் அதிகாரிகள் குடியிருந்தார்கள். தள்ளிய காற்றெல்லாம் வந்து விழும் கறுத்த ஓரமான கருந்தெருவில் தொழிலாளர்கள் இருந்தார்கள். மின்னேறிய தூசி உடுப்பில் அப்பி வீட்டுக்குள் வரும், இருமல் ஓயாது. இப்போது குடைக்கருவி அந்தக் காந்தத்தைத் தெருக்கோடிவரை நீட்டிவிட்டது.

அடுத்த நிலாப்பகலில், தெருவோரத்து மண்ணை வறுத்துத் தண்ணீர் எடுக்கும் மண்வறுப்பான் சொட்டுத் தண்ணீர் தரவில்லை.

அஞ்சுகம் மண்ணைச் சோதித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். சூரியக்காற்றின் ஹைட்ரஜன் மண்ணிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் தண்ணீராகும். காற்றை மறித்ததில் தண்ணீரையும் மறித்துவிட்டார்கள்.

வரதராசன் ஓடி வந்தார். "அப்ப உங்க தெருக் குடையை எடுத்துடுவோம்மா. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே?"

"பழக்கமா? வேற வழியில்லாம கெடந்தோம் சார்." அவள் குரல் ஏறியது. "எடுத்தா ரெண்டு பக்கமும் எடுக்கணும். கருவியை எதிர்முகமா ஓட்டினா பாறைக் காந்தமும் அடங்கிடும். உங்க பக்கத்து மண்ணுல காத்தே பட்டதில்ல, நல்லாக் குடிக்கும். மாசத்துல ஒரு நாள் போதும்."

"அன்னிக்கு நாங்க எங்க போறது?"

"நாங்க தோண்டின சுரங்கத்துக்கு வாங்க. தள்ளி உக்காருவோம்."

தொட்டி வற்றிக்கொண்டிருந்தது. வரதராசன் ஒப்புக்கொண்டார்.

காந்தத்தை அடக்கிய முதல் காற்றுநாளன்று சுரங்கம் திருவிழாவானது. மேலாளர் வீட்டுப் பிள்ளைகள் ரோஸ்லின் அக்காவிடம் குலவை பழகினார்கள். எல்லார் உடுப்போடும் தூசி உள்ளே வந்தது. வரதராசன் இருமினார். கண்ணில் நீர் வர இருமினார்.

"தினம் இப்படியா?"

"தினம்," என்றாள் அஞ்சுகம்.

அடுத்த காற்றுநாளுக்குள் சுரங்கவாயிலில் தூசி வடிகட்டி வந்துவிட்டது. கருந்தெரு எத்தனை மனு போட்டும் வராதது.

அஞ்சுகம் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரதராசனிடம் வந்தாள். "நல்லா வேலை செய்யுது சார். இன்னொரு தடவை இருமுங்க. இன்னும் ரெண்டு கக்கூஸ் வேணும்."

சுரங்கமே சிரித்தது. நீண்ட கக்கூஸ் வரிசையில் நின்றிருந்த வரதராசன் உடனே இருமினார்.