பால்வீதிக்கு ஒரு தகரப் புனல்

அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் நாலரை மணிச் சங்கு ஊதி முடிந்ததும் மழை பிடித்தது.

மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் நாகவல்லி தகரப் புனலைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து நின்றாள். நாலு பட்டை வைத்து அடித்த புனல். வாய் ஒரு கல்யாண அண்டா அளவு. மழை அதன்மேல் இரைந்தது. ஆவடி போகும் பல்லவன் பஸ் வந்து நின்றது அவளுக்குக் கேட்கவில்லை.

"இன்னாம்மா, ஏறுறியா, அங்கியே குடித்தனம் பண்றியா?"

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"மரியாதையாப் பேசுங்க."

"சரிங்க மேடம். ஏறுறீங்களா, குடித்தனம் பண்றீங்களா?"

புனல் வாசலில் சிக்கியது. அவள் தள்ளினாள். அவன் இழுத்தான். தகர விளிம்பு அவன் உள்ளங்கையைக் கீறியது. அவன் கத்தவில்லை. டிக்கெட் கட்டை வைத்து அழுத்திக்கொண்டான். மேல் டிக்கெட் சிவந்தது.

"ஐயோ..."

"இருக்கட்டும். இதுக்கு லக்கேஜ் போடணும்."

"உள்ளே ஒண்ணும் இல்லையே. வெறும் காத்து."

"காத்து ஃப்ரீதாங்க. தகரத்துக்குத்தான் டிக்கெட்டு. இன்னா இது, யானைக்கு எண்ணெ ஊத்துறதா?"

"பால்வீதியைக் கேக்கறதுக்கு."

"அது எந்த ஏரியா? நம்ம வண்டி போவாதே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பதை அவன் பார்க்கக்கூடாது. இமைகள் நனைந்து ஒட்டியிருந்தன அவனுக்கு... அதை எப்போது பார்த்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

விசில் இரண்டு முறை ஒலித்தது. ஒரு விசில் என்றால் பஸ் நிற்கும். இரண்டு என்றால் போகும். பஸ் போனது.

மறுநாளும் அதே பஸ். அவன் கையில் கட்டு. சட்டையில் லட்சுமணன் என்று பெயர்.

"கை எப்படி இருக்கு?"

"கீது."

ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நடுவில் ஒவ்வொரு கேள்வி கேட்டான். அவள் எம்.ஃபில். மாணவி. அப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஃபிட்டர். வீடு குவார்ட்டர்ஸில். புனல் எதற்கு என்று திரும்பவும் கேட்டான். இந்தத் தடவை கேலி இல்லை.

"நாம இருக்கிற நட்சத்திரக் கூட்டத்துக்கு என்ன உருவம்னு பாக்கணும். நாம அதுக்குள்ளேயே இருக்கோம். வெளியே போய்ப் பாக்க முடியாது. நடுவுல தூசி வேற, கண்ணை மறைக்குது. ஆனா அங்கங்க ஹைட்ரஜன் வாயு இருக்கு. அது ரேடியோ அலை அனுப்புது. தூசி, மேகம், பகல், எதுவும் அதைத் தடுக்காது. அந்த வாயு நம்மகிட்ட வருதா, தள்ளிப் போகுதா, எவ்வளவு வேகம்னு அந்த அலையே சொல்லிடும். அதை வெச்சு எங்கெங்க எத்தனை கை இருக்குன்னு வரையலாம்."

"கையா?"

"சுருள் சுருளா கை. நாம ஒரு சின்னக் கையில இருக்கோம்."

அவன் தன் கட்டைப் பார்த்தான்.

"எனுக்கும் இதே வேலதாங்க. கும்பல்ல மாட்டிக்கினா பின்னாடி யாரு ஏறுனாங்க, எறங்குனாங்கன்னு எங்க தெரியுது? எல்லாம் காதுதான்."

கல்லூரி மாடியில் புனல் பயன்படவில்லை. பக்கத்தில் வெல்டிங் பட்டறை. பொறி பறக்கும்போதெல்லாம் அலையைப் பதியும் கருவியின் காகிதச் சுருளில் பேனா எகிறியது. இரவல் வாங்கிய அந்தக் கருவி மாதக் கடைசியில் திரும்பப் போகவேண்டும். அதற்குள் ஹைட்ரஜன் அலையின் கோடு கிடைக்காவிட்டால் அவளுடைய படிப்பு அதோடு நிற்கும்.

"எங்க ஊட்டு மாடில வைங்க. மேனாம்பேடு. ஒதுக்கமான எடம். அம்மா கீறாங்க, பயப்படாதீங்க."

அடுத்த வாரம் அவனுக்குக் காலை டூட்டி. மாலையில் அவன் புனலைச் சாய்த்துப் பிடிப்பான். அவள் பேனாவைப் பார்ப்பாள். அவன் அவளைப் பார்ப்பான்.

"வடக்கே... இன்னும் கொஞ்சம் மேலே... ஆடாதீங்க."

"மேகந்தானே கீது. ஒரு நட்சத்திரம்கூட காணோம்."

"தேவையில்லை."

"எனுக்கும்."

அவள் நிமிரவில்லை. காது சிவந்தது.

ஒரு நாள் பேனா தாறுமாறாகத் துள்ளியது. அவன் அம்மா பஞ்சவர்ணம் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"அடியே ராணி, மிக்சிய நிறுத்துடீ! இங்க ஒரு பொண்ணு ஆகாசத்த கேட்டுகினு கீது!"

"அப்போ சட்னிய ஆகாசமா அரைக்கும்?"

மிக்சி நின்றது. பஞ்சவர்ணம் நாகவல்லி பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஏம்மா, தெருவுல கேக்குறாங்க, இது யாருன்னு. இன்னான்னு சொல்லட்டும்?"

நாகவல்லிக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. குவார்ட்டர்ஸ் வாசல்கள் வந்தன.

"மாடிக்காக வந்த பொண்ணுன்னு சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் இல்ல."

படியில் கண்ணாடி டம்ளர்கள் உரசும் ஒலி கேட்டது. லட்சுமணன் டீயோடு நின்றிருந்தான். டம்ளர்களைத் தரையில் வைத்தான். இறங்கிப் போனான்.

அடுத்த நாள் அவன் இல்லை. மாலை டூட்டிக்கு மாற்றிக்கொண்டானாம். என்னையே கேட்டிருக்கலாமே, என்று அவள் நினைத்தாள். நான் ஏன் போய்ச் சொல்லணும்? அவளும் சொல்லவில்லை. வேறு பஸ்ஸில் வந்தாள், வேறு பஸ்ஸில் போனாள்.

கருவி திரும்பப் போகவேண்டிய நாள் வந்தது. புனலைப் பஞ்சவர்ணம் பிடித்தாள்.

"இப்படியா?"

"இன்னும் மேலேம்மா."

"கை கடுக்குது. எம்புள்ள எப்படித்தான் பிடிச்சானோ."

தூறல் விழுந்தது. பேனா மெல்ல ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. மறுபடியும். காகிதத்தில் மூன்று மேடுகள்.

"வந்துட்டுதா?"

"வந்துடுச்சும்மா."

பஞ்சவர்ணம் புனலை இறக்கி வைத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ இனிமே மாடி வேணாம்."

நாகவல்லி காகிதத்தைச் சுருட்டினாள்.

மறுநாள் மாலை மண்ணூர்பேட்டையில் இரண்டு பஸ்களை விட்டாள். மூன்றாவதில் அவன் இருந்தான். கையில் கட்டு இல்லை. கோடு மட்டும் இருந்தது.

"எங்க?"

"ஆவடி."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து நகர்ந்தான். அவள் காத்திருந்தாள். அம்பத்தூரில் கூட்டம் இறங்கியது. அவன் பின்சீட்டுக்கு வந்தபோது காகிதத்தை விரித்து நீட்டினாள்.

"இது நாம இருக்கிற கை. இது ரெண்டும் வெளியே இருக்கிற கைங்க. ரெண்டும் நம்ம பக்கமா வந்துட்டிருக்கு."

அவன் மூன்று மேடுகளையும் பார்த்தான். விரலால் தொடவில்லை.

"அவ்ளோ தூரத்துல கீறது கிட்ட வருதா போவுதான்னு தெரியுது உங்களுக்கு."

"நேரா வந்தா தெரியும். நேரா போனா தெரியும். பக்கத்துலயே கூட வந்தா இதுல தெரியாது. பேனா அசையாது."

"ஓ."

மழை ஜன்னலில் கோடு கோடாக இறங்கியது.

"அதான் மாடிக்கோசரம்னு சொன்னீங்களா?"

"பயந்து சொன்னேன்... பொய்."

அவன் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்தான். மேனாம்பேடு நிறுத்தம் தெரிந்தது. அங்கே ஏற ஆள் இல்லை. இறங்கவும் யாரும் எழவில்லை. அவன் விசிலை உதட்டில் வைத்தான். நாகவல்லி எழுந்து அவன் பிடித்திருந்த கம்பியையே பிடித்துக்கொண்டாள்.

"ஆவடிக்கு டிக்கெட் எடுத்துட்டேன்... ஆனா இங்கேயே இறங்கணும். உங்க அம்மா... அத்தை காத்துகினு கீறாங்க. ஒரு விசில் அடிக்கறீங்களா?"