நாற்பத்தோரு கதவுகள்

வாசற்கதவின் தாழ்ப்பாளில் யாரோ ஒரு நீலத்துணியைக் கட்டியிருந்தார்கள்.

கருட சேவை நாள் காலை. செவிலிமேட்டுத் தெருவே வரதரைப் பார்க்கப் போய்விட்டது. வேதக்காரர்கள் என்பதால் சாமுவேல் வீடு மட்டும் போகவில்லை. தூரத்து மேளம் காற்றில் வருவதும் அறுவதுமாக இருக்க, பாலாற்றுப் பக்கமிருந்து எரிந்த ஓலை வாடை மெல்ல மெல்ல வந்து கூடத்தை நிறைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கடல் தாண்டிய ஒரு நாட்டில் சாமுவேல் முகர்ந்த வாடை.

துணியைத் தொட்டான். ஈரமாக இருந்தது. தறியில் அறுந்த பாவு இழையைப் பிணைக்கிற முடிச்சு போட்டிருந்தது. பட்டாளத்தில் சேருமுன் தறிக்கூலியாக இருந்தவன் அவன். அந்த நாட்டில் அவனைத் தவிர வேறு எவனும் அந்த முடிச்சைப் போட்டதில்லை.

உள்நாட்டுச் சண்டையில் நொந்துபோன ஊர்களில் அமைதியை நிலைநாட்டப் பல தேசத்துச் சிப்பாய்களையும் சேர்த்து, நீலத் தொப்பி மாட்டி அனுப்பிய படை அது. ஆயுதத்தை ஒப்படையுங்கள், காவலுக்கு நாங்கள் இருக்கிறோம் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். அந்தச் சனங்களும் நம்பிக் கொடுத்தார்கள். கொடுத்த வீட்டுக் கதவில் அடையாளத்துக்கு நீலத்துணி கட்டியவன் சாமுவேல். நாற்பத்தோரு கதவு. ஐந்தாம் நாள் ஊரை விட்டுவிட்டு லாரியில் ஏறச் சொல்லி உத்தரவு வந்தது, ஏறினான். எந்த வீட்டில் கத்தி இல்லை என்று தேடுகிற சிரமம்கூட வெட்ட வந்தவர்களுக்கு இருக்கவில்லை. துணியைப் பார்த்துப் பார்த்து நுழைந்தார்கள். இதற்கு ஒரு பதக்கம் வேறு குத்தி அனுப்பினார்கள், பாவிகள்! உத்தரவு போட்டவன் எங்கேயோ சுகமாகக் காபி குடித்துக்கொண்டிருப்பான்.

"எவன்டா கட்டினது?" துணியைப் பிய்த்து எறிந்தான். தெருவில் ஆள் இல்லை. மேளம் நின்றிருந்தது.

கொல்லைக் கதவுக்கு ஓடினான். அங்கேயும் ஒன்று. மதிலுக்கு அப்பால் காலடிகள். ஒன்றல்ல. பல.

"மரியம்மா! கொயந்தைய இட்டுக்கினு உள்ள போ! அருவா எங்க?"

மகளை இடுப்பில் வைத்திருந்த அவன் மனைவி திருதிருவென்று விழித்தாள். "இன்னாயா கேக்குற? இப்பத்தான நீயே வந்து வாங்கிக்கினு போன? அருவா, அருவாமணை, உலக்க, அல்லாத்தையும்..."

"நானா?"

"பட்டாளத்து உடுப்புல வந்தியே. நீலத் தொப்பி போட்டுக்கினு. நாங்க இருக்குறோம், பயப்படாதன்னு சொன்னியே..."

சாமுவேல் வாசலைப் பார்த்தான்.

படலருகே ஒரு சிப்பாய். முதுகு மட்டும் தெரிந்தது. தோளில் துப்பாக்கி. அந்தத் தோளை, அந்த நிற்பை அவனுக்கா தெரியாது?

"டேய்! திரும்புடா! சுடுடா!" தொண்டை கிழியக் கத்தினான்.

கொல்லைக் கதவு உடைந்தது. மரியம்மாள் அலறினாள். அப்புறம் குழந்தை.

நின்றவன் திரும்பவில்லை. தெருவையே பார்த்தபடி, தொப்பியை மட்டும் நேராக்கிக்கொண்டான்.