சுடாமல் நின்றவன்

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மணி மூன்றுதான் ஆகியிருந்தது. ஆனால் வானம் அடைத்துக்கொண்டு, பாளையங்கோட்டைத் தெருக்களில் அதற்குள்ளாகவே விளக்குப் போட்டிருந்தார்கள். முருகன்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஹெப்ரான், குடையை முன்னால் சாய்த்துப் பிடித்தபடி அப்பாத்துரை அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் சென்டரை நோக்கி நடந்தான்.

சென்டர் என்று சொன்னாலும் அது ஒரு பழைய காரை வீடு. பதினோரு வருஷம் பூட்டிக் கிடந்ததை அண்ணாச்சி அந்த ஆனியில்தான் திறந்து வெள்ளையடித்திருந்தார். திறந்த அன்றைக்கு உள்ளே கிடந்த பழைய நாற்காலிகள் அத்தனையும் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடப்பட்டிருந்தனவாம். "நடுவீட்ல ஒண்ணு கூட இல்ல தம்பி. என்ன மனுஷங்களோ" என்று சொல்லிச் சிரிப்பார். வெள்ளையடித்தும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் வௌவால் எச்ச வாடையும் போகவில்லை. கூடத்தில் மூன்று கம்ப்யூட்டர், உள்ளறையில் மூன்று, நடுவே ஒரு சுவர். சுவரைத் துளைத்து ஒயர் போட்டு ஆறையும் இணைத்திருந்தார். திருநெல்வேலியில் அப்படி ஆறு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து துப்பாக்கிச் சண்டை விளையாட அந்த ஒரு இடந்தான் இருந்தது.

ஹெப்ரானுக்கு இருபத்தோரு வயது. எங்கே இருந்தாலும் இருப்பது தெரியாத பிள்ளை. கல்லூரியில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே அவனுக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். சர்ச் பாடகர் குழுவில் அவன் பாடுகிறானா வாயை மட்டும் அசைக்கிறானா என்று பக்கத்தில் நிற்பவனுக்கே தெரியாது.

அந்த விளையாட்டில் அதுவே அவன் பலமாக இருந்தது.

சிவப்பு அணி, நீல அணி. எதிரியின் கோட்டைக்குள் புகுந்து கொடியை எடுத்து வர வேண்டும். ஓடுகிறவன், வைத்தியன், பீரங்கிக்காரன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஹெப்ரான் எப்போதும் உளவாளி. எதிரி அணிக்காரனின் உடுப்பையும் பெயரையும் எடுத்துப் போட்டுக்கொண்டு அவர்களுக்கு நடுவிலேயே நடமாட வேண்டும். சுடக் கூடாது, சுட்டால் வேஷம் கலைந்துவிடும். யாருக்காவது பின்னாலேயே போய், தருணம் பார்த்து முதுகில் கத்தியைச் செருக வேண்டும். தன்னைக் கண்டுகொண்டார்கள் என்று தெரிந்தால் அந்த நொடியே குத்திவிட வேண்டும். யோசித்தால் செத்தோம்.

அன்றைக்கு டவுன்காரர்களோடு போட்டி. ஜெயிக்கிற அணி மதுரைக்குப் போகும். நூர்முகம்மதுவும் அவன் ஆட்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே உள்ளறையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். கூடத்தில் பார்கவி மட்டும் இருந்தாள். ஹெப்ரானின் சிநேகிதன் ஸ்ரீவத்ஸனின் தங்கை அவள். பீரங்கியை அவள் கையில் கொடுத்துவிட்டால் டவுன்காரர்கள் கிட்டே வர மாட்டார்கள்.

"அண்ணா இன்னும் வரலை" என்றாள். "மாஞ்சோலையில மாமாவைப் பாத்துட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்னான். இந்த மழையில பைக்கை எடுத்துண்டு போகாதேன்னா கேட்டாத்தானே."

அவள் சொல்லி முடிக்கவும் வாசலில் நிழல் தட்டியது. ஸ்ரீவத்ஸன் உள்ளே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சுவரோரம் கிடந்த மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்கும் ஹெப்ரானுக்கும் நடுவில் பார்கவி.

"என்னலே, நனையாம வந்துட்ட?" என்று கேட்டான் ஹெப்ரான்.

ஸ்ரீவத்ஸன் சிரித்தான். மழைக் கோட்டை வெளியே கழற்றிப் போட்டிருப்பான் என்று ஹெப்ரான் நினைத்துக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது.

கால் மணி நேரம் எல்லாம் சரியாகத்தான் போனது. பார்கவி கோட்டை வாசலில் நின்று சுட்டுத் தள்ளினாள். ஹெப்ரான் இரண்டு தரம் உள்ளே புகுந்து வந்தான். மூன்றாம் தரம் சுடப்பட்டு விழுந்து, மறுபடி எழும்புவதற்காகக் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அதைக் கவனித்தான்.

திரையில் ஸ்ரீவத்ஸனின் ஆள், பார்கவியின் ஆளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

சுடவில்லை. அவள் இடது பக்கம் திரும்பினால் அவனும் நகர்ந்து மறுபடி அவள் முதுகுப் பக்கமே வந்து நின்றான். எதிரிகளின் குண்டுகள் ஒன்றுகூட அவன் மேல் படவில்லை.

ஹெப்ரானுக்கு அந்த நிற்கிற விதம் நன்றாகத் தெரியும். எத்தனையோ தரம் அவனே அப்படி நின்றிருக்கிறான்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நூர்முகம்மது சத்தம் போட்டான். "ஏ ஹெப்ரான், எங்க கொடிகிட்ட வேஷம் போட்டு நிக்கது நீதான வே?"

"நான் செத்துக் கிடக்கேன் வே!"

"சும்மா சொல்லாத. நாங்க மூணு பேரும் இங்கன நிக்கோம். நாலாவதா ஒருத்தன் நிக்கான். எம் பேரையே போட்டிருக்கான்."

ஹெப்ரான் பார்கவிக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். ஸ்ரீவத்ஸனின் திரையில் அவன் ஆள் பைய நடந்துகொண்டிருந்தான்.

ஸ்ரீவத்ஸனின் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

அப்போது கரண்ட் போனது. கூடம் இருண்டது. கம்ப்யூட்டர்களுக்கென்று வைத்திருந்த பேட்டரியின் தயவில் திரைகள் மட்டும் நீலமாக எரிந்தன. கூ, கூ என்று அது எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தது. பக்கத்து அறையில் போன் அடித்தது.

"தம்பி ஹெப்ரான், உனக்குத்தான் போன்" என்று அண்ணாச்சி கூப்பிட்டார். "பேசிக்கிட்டிரு. நான் கொல்லைக்குப் போய் ஜெனரேட்டரைப் போடுதேன்."

ஹெப்ரான் எழுந்து போய் ரிசீவரைக் காதில் வைத்தான். ஒரே இரைச்சல். மழையா, தண்ணீரா தெரியவில்லை.

"லே ஹெப்ரான்! கேக்குதா? நான் ஸ்ரீவத்ஸன் பேசுதேன்."

ஹெப்ரான் ரிசீவரோடு கூடத்துப் பக்கம் திரும்பினான்.

"மணிமுத்தாறுல பூத்துல நிக்கேன். ரோட்டுல இடுப்பளவு தண்ணி போகுது. இன்னிக்கு என்னால வர முடியாது. நீங்க ரெண்டு பேருமா ஆடுங்க. பார்கவிகிட்ட சொல்லிரு, பயப்படப் போறா."

அந்த அறையின் கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. பார்கவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் விளையாடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாற்காலி முன்பைவிட அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவன் திரையைப் பார்க்கவில்லை.

அவளுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கத்தலாம் என்று வாய் வரைக்கும் வந்ததை ஹெப்ரான் விழுங்கினான். கண்டுகொண்டோம் என்று காட்டினால் அந்த நொடியே... அந்தப் பாடம் அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எதுவும் தெரியாதவன் மாதிரி நடக்க வேண்டும். எதிரியின் கோட்டைக்குள் நடப்பது மாதிரி, அவசரமில்லாமல்.

ரிசீவரை மேஜை மேல் பைய வைத்தான். கூடத்துக்கு வந்தான்.

"பார்கவி, உனக்குப் போன். அம்மா கூப்பிடுதாங்க."

"ஆட்டம் முடியட்டுமே."

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றான் நாற்காலியில் இருந்தவன்.

ஸ்ரீவத்ஸனின் குரலேதான். ஆனால் அந்தக் குரல் வரும்போது உதடு அசையவில்லை.

"இல்லலே." ஹெப்ரான் சிரிக்க முயன்றான். "பார்கவிதான் வேணுமாம்."

அவள் சலித்துக்கொண்டு எழுந்தாள். அவள் திரும்பிய உடனே ஹெப்ரான் அவளுக்கும் நாற்காலிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். அவள் போன் இருந்த அறைப் பக்கம் திரும்பினாள். அவன் அவள் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினான்.

"என்ன பண்றே? போன் அங்கேன்னா..."

"நட. திரும்பிப் பாக்காத."

நாற்காலி கிறீச்சிட்டது.

பேட்டரியின் கூவல் நின்றது. திரைகள் அணைந்தன.

ஒன்றும் தெரியவில்லை. ஈரச் சுண்ணாம்பு வாடை மட்டும் மூக்குக்கு வெகு அருகில் வந்தது. ஹெப்ரானின் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் ஏதோ தொட்டது. ஒரே ஒரு விரல். குத்தவில்லை, தள்ளவில்லை. சட்டையின் மேல் மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை ஏட்டில் விரல் ஓட்டுவது மாதிரி, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் போனது.

அவன் பார்கவியை வாசலுக்கு வெளியே தள்ளி, தானும் விழுந்தான்.

மழையில் நின்றபடி, தொண்டை கிழிய நூர்முகம்மதைக் கூப்பிட்டான். மூன்று பேரும் தடவித் தடவி வெளியே வந்தார்கள். நூர்முகம்மதுக்குக் கோபம். "என்ன வே கூத்து இது? ஸ்ரீவத்ஸன் மட்டும் இருட்டுக்குள்ளயே உக்காந்திருக்கான். கையைப் பிடிச்சு இழுத்தேன், வரமாட்டேங்கான்." சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். மறுபடியும் துடைத்தான்.

கொல்லையில் ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் எரிந்தன. கூடத்தில் ஒருவரும் இல்லை.

விஷயத்தைக் கேட்ட அண்ணாச்சி, பார்கவியைத் தானே கையைப் பிடித்துப் போன் அறைக்குக் கூட்டிப் போனார். இணைப்பு இன்னும் அறுந்திருக்கவில்லை. அவள் அண்ணனின் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டாள். கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு ரிசீவரைப் பொத்திக்கொண்டு ஹெப்ரானைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இவ்வளவு நேரமும் நீ பேசிண்டிருந்தியாம்."

"நானா?"

"உன் ஆத்துக்கு எப்படிப் போகணும்னு அவன்கிட்ட வழி கேட்டியாம். விளையாடறேன்னு நெனச்சுச் சொல்லிட்டானாம்."

அன்றைக்கே அண்ணாச்சி சென்டரைப் பூட்டினார். ஸ்ரீவத்ஸன் மறுநாள் தண்ணீர் வடிந்தபின் பத்திரமாக வந்து சேர்ந்தான். ஹெப்ரானைப் பார்க்க வந்தபோது, ஹெப்ரான் அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விட்டான்.

அடுத்த ஞாயிறு வரைக்கும் ஹெப்ரானுக்குக் காய்ச்சல். அந்த ஞாயிறு காலையும் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா ஜெபராணி அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, தனியாகக் கோயிலுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்குத் திரும்பினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வேதப் புத்தகத்தை மேஜையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"காய்ச்சலோட எதுக்குலே கோயிலுக்கு வந்த? ஆராதனை முடியுற மட்டும் என் பின்னாலயே நின்ன. திரும்பித் திரும்பிப் பாத்தேன், ஒரு பாட்டுக்கூடப் பாடல. வழி முழுக்க என் பின்னாலதான வந்த. தெருமுனையில திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். எனக்கு முன்னால எப்படிலே வந்து படுத்த?"

ஹெப்ரான் எழுந்து உட்கார்ந்தான். "அம்மா, நான் வீட்டை விட்டு எங்கயும் போகல."

அவள் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

கதவு தட்டப்பட்டது. அவசரமில்லாத மூன்று தட்டு.

"அம்மா, கதவத் திறங்க." ஹெப்ரானின் குரல். காய்ச்சலில் கம்மிய தொண்டை உட்பட அப்படியே அவன் குரல். "உள்ள படுத்திருக்கது நான் இல்லம்மா."

ஜெபராணி கதவைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள்.

பிறகு, கட்டிலில் இருந்தவன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பைய ஒரு அடி கதவுப் பக்கம் நகர்ந்தாள்.